படம் வரைந்து கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய: முதல் விசாரிப்பிலிருந்து காசு கைக்கு வரும் வரை

இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் "எனக்கும் ஒண்ணு வரைஞ்சு தருவீங்களா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டார். அங்கிருந்து என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. எப்படி வரைவது என்று இதில் எதுவும் இருக்காது. நன்றாக வரையத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலை விட்டுப் போவது பெரும்பாலும் கை வராததால் இல்லை, திருத்தம் முடியாமலும் காசு வராமலும் சலித்துப்போய்த்தான் போகிறார்கள். ஒரு ஆர்டர் நல்லபடியாக முடியுமா என்பது முதல் கோடு போடுவதற்கு முன்னாலேயே, என்ன பேசினீர்கள், எதை எழுத்தில் வாங்கினீர்கள் என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அந்தப் பகுதியைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

கருவி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐபேடும் அதில் ஓடும் ப்ரோகிரியேட் என்ற வரையும் செயலியும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஹுயான், எக்ஸ்பி-பென் மாதிரி திரை இல்லாத பேனா டேப்லெட் ஒன்று, சுமாராக ஓடுகிற கணினி, கிரிட்டா என்ற வரையும் மென்பொருள், இது போதும். கிரிட்டா இலவசம், அதில் வரைந்து விற்கிற படத்துக்கு யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை, அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் வண்ண முறை) வசதியும் உண்டு. திருட்டு போட்டோஷாப்பில் தொழில் செய்யாதீர்கள், நம் படத்தை யாரும் திருடக் கூடாது என்று கேட்கப்போகிறவர்கள் நாம்.

எந்த வேலைக்கு ஆர்டர் எடுக்கிறீர்கள்

"எது வேண்டுமானாலும் வரைந்து தரப்படும்" என்று போடாதீர்கள். அப்படிப் போட்டால் விலை சொல்ல முடியாது, நாளும் சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் கேரிகேச்சர், புத்தக அட்டை, யூடியூப் தம்ப்நெயில், கேம் ஆடுபவர்களுக்கான எமோட் (நேரலை அரட்டையில் போடும் குட்டிப் படம்), சாமி படம், மறைந்துபோன அப்பாவையோ தாத்தாவையோ குடும்பப் படத்தில் சேர்த்து வரைவது என்று இந்த வேலை பல வகை, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் வேறு, பேசும் விதம் வேறு. இரண்டு மூன்று வகையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நல்ல மாதிரிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் இன்னும் வரவில்லையென்றால் நீங்களே வரைந்து வையுங்கள். மக்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையேதான் கேட்பார்கள், அதனால் இனி வரையப் பிடிக்காத பாணியில் இருக்கும் பழைய படங்களை, அவை எவ்வளவு லைக் வாங்கியிருந்தாலும், எடுத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களை நம்பி இருந்தால் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை, ஆனால் ஆவணிக்கும் தைக்கும் பத்திரிகை அடிக்கிற நேரம் அதுதான், எனவே கல்யாணம் இல்லாத மாதத்தில்தான் கேரிகேச்சர் ஆர்டர் குவியும். பதிப்பகங்களுக்குச் சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அட்டைப்பட அவசரம், எல்லாமே "நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகணும்" ரகம். இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் மார்கழியில் எத்தனை ஆர்டர் எடுப்பீர்கள் என்பதைப் புரட்டாசியிலேயே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், வேலை இல்லாத மாதங்களுக்கான சாப்பாட்டுக் காசு இந்த மாதங்களிலிருந்துதான் வர வேண்டும்.

விலை

அடுத்தவர் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்த்து விலை வைப்பது ஆபத்து, அவர் பெற்றோர் வீட்டில் வாடகை இல்லாமல் இருக்கலாம், இல்லை இது அவருக்குச் சாயங்கால வேலையாக இருக்கலாம். உங்கள் கணக்கைப் போடுங்கள். உதாரணத்துக்கு: வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 ரூபாய், இணையம், மின்சாரம், மென்பொருள், கருவித் தேய்மானம் 4,000, வரிக்கும் வேலை இல்லாத மாதத்துக்கும் ஒதுக்க 6,000, ஆக 35,000. மாதத்தில் எத்தனை மணி நேரம் காசுக்கு வரைய முடியும்? எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அதில் பதில் அனுப்புவது, மாதிரி தேடுவது, பதிவு போடுவது, பயிற்சி எல்லாம் போக நான்கு மணி நேரம் நின்றால் பெரிது, இருபது நாளுக்கு 80 மணி நேரம். 35,000 வகுத்தல் 80, கிட்டத்தட்ட 440. மணிக்கு 450 என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரம் பிடிக்கிற மணமக்கள் படம் 3,600 ரூபாய். இதற்குக் கீழே வாங்கினால் உங்கள் கையிலிருந்து காசு போட்டு அந்தக் கல்யாணத்துக்கு வரைந்து கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், கணக்கு போடும் முறை மாறாது.

எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். போன் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அடுத்த சில படங்களுக்கு ஸ்கெட்ச், லைன், கலர் மூன்றையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். பலருக்கு முகத்தை வரைவதைவிட ஆடையும் நகையும்தான் நேரத்தைத் தின்னும். பட்டுப்புடவை பார்டர், ஒட்டியாணம், நெத்திச்சுட்டி எல்லாம் போட்ட மணப்பெண்ணுக்கும் சுடிதார் போட்ட பெண்ணுக்கும் ஒரே விலை வைப்பது நியாயமில்லை, "அலங்காரம் அதிகமென்றால் இவ்வளவு கூடுதல்" என்று விலைப் பட்டியலிலேயே போடுங்கள்.

இதுவரை சொன்னது உழைப்புக்கான விலை. பயன்பாட்டுக்கான விலை வேறு. வீட்டில் மாட்டுகிற படமும், ஆயிரம் டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிற படமும் ஒரே எட்டு மணி நேரம்தான், ஆனால் இரண்டாவதில் அவர் அந்தப் படத்தை வைத்துச் சம்பாதிக்கிறார். எனவே "எங்கே, எதில், எவ்வளவு காலம் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்காமல் விலை சொல்லவே கூடாது. கடை லோகோ, பொருள் உறை, விளம்பரம், விற்பனைக்கான பொருள் என்றால் உழைப்பு விலையோடு பயன்பாட்டுக் கட்டணத்தைத் தனி வரியாகப் போடுங்கள், தனி வரியாக இருந்தால்தான் பேரம் பேசும்போது "சரி, ஒரு வருஷத்துக்கு மட்டும் போதும்" என்று அதைக் குறைக்க முடியும், உழைப்பைத் தொடாமல்.

சொந்தக்காரர்கள், நண்பர்கள் விஷயத்தில் என் முடிவு இது: முழு விலை, இல்லையென்றால் முழுப் பரிசு, பாதி விலை மட்டும் கூடாது. பாதி விலையில் அவர்களுக்கும் காசு கொடுத்த உரிமை வந்துவிடும், உங்களுக்கும் கடைசியில் வரையலாம் என்ற நினைப்பு வந்துவிடும், இரண்டு பக்கமும் மனக்கசப்பு. "சித்தி, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு என் பரிசா ஒரு படம் தரேன், எப்படி வரையணும்னு என்கிட்டயே விட்டுடுங்க" என்று சொன்னால் அவர்களுக்கும் சந்தோஷம், திருத்தமும் வராது.

பேச்சு, எழுத்து, முன்பணம்

ஆர்டர் என்று ஒருவர் வந்ததும் நான் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி விலையோ நாளோ இல்லை: "படத்தைப் பார்த்து முடிவு சொல்லப்போவது யார்?" நம் ஊர்க் கல்யாண ஆர்டரில் இந்த ஒரு கேள்வி அத்தனை தலைவலியையும் தடுக்கும். பெண் ஸ்கெட்சுக்குச் சரி சொல்லியிருப்பார், மாப்பிள்ளை கலருக்குச் சரி சொல்லியிருப்பார், எல்லாம் முடிந்தபின் பெரிய மாமா பார்த்துவிட்டு "பையன் இன்னும் கொஞ்சம் சிவப்பு" என்பார். அதனால் ஒரே ஒருவர் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரிடமும் காட்டிக் கேட்டுவிட்டு ஒரே செய்தியாகத் திருத்தம் சொல்வது அவர் பொறுப்பு. நிறுவனமாக இருந்தாலும் இதேதான், உங்களோடு பேசுகிற பெண் நல்லவராக இருப்பார், ஆனால் கடைசி வார்த்தை நீங்கள் பார்க்காத ஒரு எம்டியிடம் இருக்கும்.

போனில் எவ்வளவு பேசினாலும் சரி, பேசி முடித்த கையோடு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் மேடம். நாம் பேசியதை எழுதி அனுப்புகிறேன், பார்த்துவிட்டு 'சம்மதம்' என்று பதில் போடுங்கள். மணமக்கள் இருவர், முழு உருவம், பின்னணியில் உங்கள் ஊர்க் கோபுரம். பத்திரிகையிலும் வாட்ஸ்அப்பிலும் பயன்படுத்த மட்டும். விலை 3,600 ரூபாய், முன்பணம் 1,800, மீதி கடைசிப் படம் கைக்கு வரும் முன். முன்பணம் வந்த நாளிலிருந்து நான்கு நாளில் ஸ்கெட்ச், ஸ்கெட்சுக்கு நீங்கள் சரி சொன்னதிலிருந்து எட்டு நாளில் படம். ஸ்கெட்சில் இரண்டு முறை இலவசத் திருத்தம், கலரில் ஒரு முறை. அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 450. ஸ்கெட்சுக்குப் பிறகு நீங்கள் வேண்டாம் என்றால் முன்பணம் திரும்பாது, என்னால் முடியாமல் போனால் முழுப் பணமும் திருப்பித் தருவேன்."

இவ்வளவுதான் ஒப்பந்தம். வக்கீல் மொழி தேவையில்லை. மின்னணு வழியாக முன்வைத்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் என்பதற்காகவே அது செல்லாது என்று சொல்ல முடியாது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் 10ஏ பிரிவு இதைச் சொல்கிறது. அவர் 'சம்மதம்' என்று போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஆர்டரின் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் செய்தி தானாக மறைகிற வசதி இருக்கிறது.

முன்பணம் வராமல் ஸ்கெட்ச்கூடப் போடாதீர்கள். "மாதிரிக்கு ஒண்ணு போட்டுக் காட்டுங்க, பிடிச்சா ஆர்டர் தரேன்" என்பவருக்கு உங்கள் பழைய படங்கள்தான் மாதிரி. சின்ன ஆர்டர் என்றால் முழுப் பணமும் முன்னாலேயே வாங்குங்கள், பெரியது என்றால் தொடங்கும்போது 40 சதவீதம், ஸ்கெட்ச் ஒப்புதலில் 30, முடிவில் 30 என்று பிரியுங்கள். முன்பணம் கேட்டால் ஓடிப்போகிறவர் பின்பணமும் தரப்போவதில்லை.

படிப்படியாகக் காட்டுவது

முதலில் கரடுமுரடான ஸ்கெட்ச், அதில் நிற்கும் விதம், முகச் சாயல், யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் முடிவாக வேண்டும். ஒப்புதல் கேட்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்று வரும், அது ஒப்புதல் இல்லை. "நிற்கும் விதம், புடவைக் கட்டு, கோபுரம் இருக்கும் இடம் இது மூன்றும் இனி மாறாது, சரியா?" என்று கேளுங்கள். அப்புறம் லைன், பிறகு அடிக் கலர், கடைசியில் முழுப் படம். நடுவில் காட்டுவதெல்லாம் சின்ன அளவில், பெயர் குறுக்கே எழுதியதாக இருக்கட்டும். பெரிய கோப்பு மீதிப் பணம் வந்த பிறகுதான்.

மறைந்தவர்களைச் சேர்த்து வரைகிற ஆர்டரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கேட்கிறவர் படத்தை வாங்கவில்லை, அப்பாவைத் தேடிக்கொண்டு வருகிறார். பெரும்பாலும் அவரிடம் இருப்பது ஒரு வாக்காளர் அட்டைப் படமோ, சட்டம் போட்டு மாலை மாட்டிய படத்தைப் போனில் எடுத்ததோ, அதில் கண்ணாடியில் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்திருக்கும். சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேன் எடுத்து, வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் தரம் குறையாமல் வரும். ஒரே படத்தை வைத்து ஒத்துக்கொள்ளாதீர்கள், வெவ்வேறு கோணத்தில் மூன்று படமாவது கேளுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் நிற்கிற படம்கூட மூக்கின் வடிவத்தைச் சொல்லிவிடும். அப்புறம் கேள்விகள்: என்ன நிறம், தலை எந்தப் பக்கம் வகிடு, விபூதியா நாமமா எதுவும் இல்லையா, வேட்டியா பேண்ட்டா, கண்ணாடி எப்போதும் போடுவாரா படிக்கும்போது மட்டுமா, சிரித்தால் பல் தெரியுமா. மச்சம் எந்தக் கன்னத்தில் என்று கட்டாயம் கேளுங்கள், செல்ஃபி மாதிரியான படங்கள் பக்கம் மாறியிருக்கலாம். முழுப் படத்துக்கு முன் முகத்தை மட்டும் வரைந்து காட்டுங்கள். சரியில்லை என்றால் எது சரியில்லை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, "அப்பா மாதிரி இல்ல" என்பார்கள், அப்போது "கண்ணா, வாயா, தாடையா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. இதற்கு இலவசத் திருத்தம் இரண்டு கூடுதலாக வைத்து, அதை விலையில் முன்னாலேயே சேர்த்துவிடுங்கள். முக்கியமாக, அவர்கள் கேட்டுச் சம்மதிக்காமல் இந்தப் படத்தை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள்.

பதிப்புரிமை: இங்கே சட்டம் வேறு

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்க ஓவியர்கள் எழுதியவை, அதில் "எழுதிக் கொடுக்காதவரை உரிமை ஓவியரிடமே" என்று இருக்கும். இந்தியாவில் அதை அப்படியே நம்பாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்கு வரையப்பட்ட ஓவியம், உருவப்படம் போன்றவற்றில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதாவது நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் உரிமை வாடிக்கையாளருக்குப் போய்விடலாம், அப்புறம் அவர் அதை டி-ஷர்ட்டில் போட்டாலும் கேட்க முடியாது. எனவே மேலே சொன்ன ஒப்பந்தச் செய்தியில் ஒரு வரி கூடச் சேருங்கள்: "இந்தப் படத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், மேலே சொன்ன பயன்பாட்டுக்கு மட்டும் உங்களுக்கு அனுமதி." கல்யாண ஜோடிக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. நிறுவனங்களுக்கு வரையும்போது இந்த ஒரு வரிதான் உங்கள் மொத்தக் காசு.

நிறுவனம் "முழு உரிமையும் எங்களுக்கே" என்று கேட்டால் கொடுக்கலாம், விலை வேறு, அவ்வளவுதான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அதில் எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். பதிப்பகத்துக்கு அட்டை வரைந்தால் அச்சுப் புத்தகமா, மின்னூலா, ஒலிநூலா, மொழிபெயர்ப்புக்கும் அதே அட்டையா என்று பிரித்து எழுதுங்கள். உரிமையைக் கொடுத்த பிறகும், படத்தைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி செய்தால் எதிர்க்கவும், வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளவும் 57ஆம் பிரிவில் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நடிகர் முகம் போட்டு விற்பதற்கு வரையச் சொன்னால் யோசியுங்கள். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம், அவர் பெயரையும் உருவத்தையும் அனுமதி இல்லாமல் பயன்படுத்தத் தடை விதித்தது. ரசிகர் தன் அறையில் மாட்டுவதற்கு வரைவது ஒன்று, கடையில் விற்கிற பொருளுக்கு வரைவது வேறு.

கோப்பு

எங்கே பயன்படுத்துவார்கள் என்று தெரிந்த பிறகே கேன்வாஸைத் திறங்கள். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி: ஏ4 என்றால் 2480க்கு 3508 பிக்சல், 12க்கு 18 அங்குலச் சட்டத்துக்கு 3600க்கு 5400. கிண்டில் அட்டைக்கு உயரம் 2560, அகலம் 1600. கேம் நேரலைத் தளமான ட்விட்சுக்கு எமோட் 112, 56, 28 பிக்சல் என்று மூன்று அளவில் வேண்டும், 28இல் கண்ணும் வாயும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சின்னதாக வரைந்துவிட்டுப் பின்னால் பெரிதாக்க முடியாது. ப்ரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக வைத்துக்கொள்ளக்கூடிய லேயர் (அடுக்கு) எண்ணிக்கை குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

திரையில் பளிச்சென்று இருக்கும் மயில் நீலமும் கிளிப்பச்சையும் சிஎம்ஒய்கே அச்சில் மங்கிப்போகும். பத்திரிகை சிவகாசியில் அடித்தாலும் உள்ளூர் பிரஸ்ஸில் அடித்தாலும், வண்ணத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, முடிந்தால் ஒரு பிரதி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டும் ஓரத்துக்கு எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து வையுங்கள். புத்தக அட்டை முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது, அதை அச்சகத்திடமிருந்து வாங்கித்தான் போட வேண்டும், நாமாக ஊகிக்கக் கூடாது.

தமிழ் எழுத்து சேர்க்க வேண்டியிருந்தால் பழைய போட்டோஷாப் பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழலாம், டைப் அமைப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மீரா இனிமை, பவனம், கட்டமரன், காவிவனார் போன்ற கூகுள் ஃபான்ட்ஸ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இருப்பவை, வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பென்டிரைவில் யாரோ கொடுத்த எழுத்துருவை அட்டையில் போடாதீர்கள்.

காசு வருவதும் வராததும்

உள்ளூருக்கு யுபிஐ போதும். டொரன்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒருவர் தன் பாட்டி வீட்டை வரையச் சொன்னால் பேபால், வைஸ், பேயோனியர் ஏதாவது ஒன்று வேண்டும். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பெறப் பயன்படும். அதன் கட்டணமும் ரூபாயாக மாற்றும்போது குறைகிற தொகையும் சேர்ந்து கணிசமாகப் போகும், டாலர் விலை வைக்கும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள். ஃபைவர் என்ற இணைய வேலைச் சந்தை வழியாக ஆர்டர் வந்தால் விலையில் 20 சதவீதம் அவர்களுக்கு. பேபாலில் பணம் கட்டியவர் 180 நாள் வரை புகார் எழுப்ப முடியும், எனவே ஒப்புதல் செய்திகள், வரைந்த காணொளிப் பதிவு, அனுப்பிய தேதி எல்லாவற்றையும் அதுவரையாவது அழிக்காதீர்கள்.

ஏமாற்றுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். விலையைக் கேட்காமலே சம்மதிப்பார்கள், "என் மகன் பிறந்தநாளுக்கு" என்பார்கள், கேட்டதைவிட அதிகமாகக் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள், பின்னால் அந்தக் காசோலை திரும்பிவிடும். இல்லையென்றால் "பணம் நிலுவையில் இருக்கிறது, கணக்கை மேம்படுத்த இவ்வளவு கட்டுங்கள்" என்று பேபால் பெயரில் போலி மின்னஞ்சல் வரும், செயலியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. யுபிஐயில் பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை, போடச் சொன்னால் அது உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிற பணம். மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

நிறுவனங்கள் ஏமாற்றுவதில்லை, இழுத்தடிப்பார்கள். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, ஓவியர்கள் பலருக்குத் தெரியவில்லை. உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்கிற தளம் போலி. பதிவு செய்த குறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் என்ன போட்டிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, புகார் செய்ய அரசு இணையதளமும் உண்டு. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போடுவதற்கே ஒரு பலன் இருக்கும்.

வரி விஷயம் சுருக்கமாக: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, வெளி மாநில வாடிக்கையாளர் இருந்தாலும். நிறுவனம் பணம் தரும்போது டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம், பொதுவாக 10 சதவீதம், பான் கொடுக்காவிட்டால் 20. அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். படம் வரையும் வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பணத்துக்கான வரவுச் சான்றை வாங்கி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஆடிட்டரிடம் உட்காருங்கள்.

ஏஐ படத்தோடு வருகிறவர்கள்

2025 மார்ச்சில் எல்லோரும் தங்கள் குடும்பப் படத்தை ஜப்பானிய கார்ட்டூன் பாணிக்கு மாற்றிப் போட்ட பிறகு, "இது இலவசமாவே வருதே" என்ற கேள்வி நின்றபாடில்லை. அவரோடு வாதாடாதீர்கள், இலவசமாக வருவது போதுமென்றால் அவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. ஆனால் ஏஐ படத்தை மாதிரியாகக் காட்டி "இதே மாதிரி, கொஞ்சம் சரிபண்ணி" என்று கேட்பவர் வேறு ரகம், அவருக்கு என்ன வேண்டும் என்பது அந்தப் படத்தில் இருக்கிறது. அதை மனநிலை காட்டும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக வரையுங்கள், விலை அதேதான். ஏஐ படத்தின் ஆறு விரலைத் திருத்தித் தரும் வேலையைக் குறைந்த விலைக்கு எடுக்காதீர்கள், அது புதிதாக வரைவதைவிட அதிக நேரம் பிடிக்கும். நீங்கள் கையால் வரைந்தது என்பதைக் காட்ட, வரைந்ததன் காணொளிப் பதிவை ஆர்டரோடு சேர்த்துக் கொடுங்கள், கல்யாண வீட்டில் அதையும் ரீல்ஸாகப் போட்டுக்கொள்வார்கள், அதிலிருந்தே அடுத்த ஆர்டர் வரும். உங்கள் பாணியை இயந்திரம் கற்றுக்கொள்வதைச் சிரமமாக்க, சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவான கிளேஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, இணையத்தில் போடும் பிரதிகளை அதில் ஓட்டிவிட்டுப் போடலாம்.

கடைசியாக விலை ஏற்றுவது. கையில் இருக்கும் ஆர்டர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வரிசையில் நிற்க ஆரம்பித்தால் விலை குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்லுங்கள்: "சார், தை முதல் தேதியிலிருந்து மணமக்கள் படம் 4,500. அதற்கு முன் முன்பணம் கட்டுபவர்களுக்குப் பழைய விலையே." மன்னிப்பும் வேண்டாம், காரணமும் வேண்டாம். மூன்றில் ஒருவர் போய்விட்டாலும் 3,600க்கு ஆறு படம் வரைந்த இடத்தில் 4,500க்கு நான்கு வரைவீர்கள், 21,600 வந்த இடத்தில் 18,000 வரும், ஆனால் பதினாறு மணி நேரம் மிச்சம். மணிக்கு வருகிற காசு 450இலிருந்து 560ஐத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு அட்டைப்படம் எடுக்கலாம், இல்லை மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம்.